தெர்மல் கேமராவின் பிக்சல் அளவு: 12 மைக்ரானா, 17 மைக்ரானா என்று கேட்பதற்கு முன்

பொருள்களின் சூட்டைப் படமாகக் காட்டும் தெர்மல் கேமரா ஒன்றை வாங்கவோ, அலுவலகத்தில் இருக்கும் ஒன்றைப் பயன்படுத்தவோ தொடங்குபவர், அதன் விவரத்தாளைப் புரட்டியதும் முதலில் தடுமாறும் இடம் பிக்சல் அளவு. ஒரு கருவியில் 12 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்றும், அருகிலுள்ள இன்னொன்றில் 17 மைக்ரான் என்றும் போட்டிருக்கும். சாதாரணக் கேமராவில் பழகியவர்கள் பெரிய பிக்சல் அதிக ஒளியைப் பிடிக்கும், ஆகவே 17 தான் நல்லது என்பார்கள். விற்பனையாளர்களோ 12 தான் புதிய தலைமுறை, அதுதான் தூரத்தில் தெளிவாகக் காட்டும் என்பார்கள். இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி அந்த பிக்சலுக்கு முன்னால் இருக்கும் லென்ஸில் இருக்கிறது. லென்ஸைப் பார்க்காமல் பிக்சல் எண்ணை மட்டும் வைத்து முடிவெடுத்தவர்கள் ஏமாந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒரு முறை நானே ஏமாந்தும் இருக்கிறேன். அதனால், எந்த எண்ணை எந்த வரிசையில் பார்க்க வேண்டும், எதை எதனுடன் பெருக்க வேண்டும், எதைக் கையால் சோதிக்க வேண்டும் என்பதைப் படிப்படியாக இங்கே எழுதுகிறேன். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

முதல் படி: அந்த எண் எதைக் குறிக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

அறை வெப்பநிலையில் உள்ள எல்லாப் பொருள்களும் அகச்சிவப்புக் கதிர்களை வெளியிடுகின்றன. மனிதத் தோல் வெளியிடும் கதிர்வீச்சு ஏறத்தாழ 9.5 மைக்ரான் அலைநீளத்தில் உச்சத்தை அடைகிறது. குளிரூட்டத் தேவையில்லாத பெரும்பாலான தெர்மல் கேமராக்கள் 8 முதல் 14 மைக்ரான் வரையுள்ள அலைநீளப் பட்டையில் வேலை செய்வதற்கு இதுவே காரணம். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரான் வரைதான். அதாவது, தெர்மல் கேமரா பிடிக்கும் அலை சாதாரண ஒளியைப் போல 15, 20 மடங்கு நீளமானது. இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இந்தக் கருவிகளில் இருக்கும் சென்சாருக்கு மைக்ரோபோலோமீட்டர் என்று பெயர். அதன் ஒவ்வொரு பிக்சலும் வனேடியம் ஆக்சைடாலோ படிக வடிவமற்ற சிலிக்கனாலோ ஆன ஒரு மெல்லிய சவ்வு. அது சிலிக்கன் தளத்தைத் தொடாமல், ஓரிரு மைக்ரான் உயரத்தில், மிக மெல்லிய இரண்டு கால்களின் மேல் வெற்றிடத்தில் நிற்கிறது. கதிர் விழுந்தால் சவ்வு சூடாகிறது. சூடானால் அதன் மின்தடை மாறுகிறது, டிகிரிக்கு ஏறத்தாழ 2 சதவீதம் என்ற அளவில். அந்த மாற்றத்தை அளந்துதான் படம் உருவாகிறது. காட்சியில் ஒரு டிகிரி வேறுபாடு இருந்தாலும் சவ்வில் ஏறும் சூடு அதில் மிகச் சிறிய பங்குதான் என்பதால், சவ்விலிருந்து சூடு கால்கள் வழியே கசிந்துபோகாமல் காப்பதுதான் இந்தத் தொழில்நுட்பத்தின் உயிர்நாடி.

விவரத்தாளில் 12 மைக்ரான் என்று போடுவது சவ்வின் அகலத்தை அல்ல. ஒரு பிக்சலின் மையத்திலிருந்து அடுத்த பிக்சலின் மையம் வரையுள்ள இடைவெளியைத்தான் அப்படிக் குறிப்பிடுகிறார்கள். கால்களுக்கும் இடுக்குகளுக்கும் போகும் இடம் அதற்குள் அடக்கம். 1980களில் அமெரிக்காவில் ஹனிவெல் நிறுவனம் ராணுவத் தேவைக்காக இரகசியமாக உருவாக்கிய தொடக்க கால சென்சார்களில் இந்த இடைவெளி 50 மைக்ரானாக இருந்தது. பிறகு 25, 17, 12 என்று இறங்கி, இப்போது 10, 8 மைக்ரான் சென்சார்களும் வந்துவிட்டன. பரப்பில் பார்த்தால் 17 மைக்ரான் பிக்சல் 289 சதுர மைக்ரான், 12 மைக்ரான் பிக்சல் 144 சதுர மைக்ரான். எண்ணில் 5 குறைவாகத் தெரிவது பரப்பில் சரிபாதிக் குறைவு.

இரண்டாம் படி: எதை, எவ்வளவு தூரத்திலிருந்து பார்க்கப் போகிறீர்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள்

ஒரு தாளில் இரண்டே விவரங்கள் போதும். பார்க்க வேண்டியவற்றில் மிகச் சிறியது எது, அதன் அகலம் என்ன? அதற்கு நீங்கள் எவ்வளவு அருகில் போக முடியும்? மின்பலகையில் ஒரு திருகு, சுவருக்குள் கசியும் குழாய், இருட்டில் நடமாடும் மனிதர் என்று வேலைக்கு வேலை இந்த இரண்டும் மாறும். இதை எழுதாமல் கருவிகளை ஒப்பிடத் தொடங்குவது, அளவு எடுக்காமல் சட்டை தைக்கக் கொடுப்பதைப் போன்றது.

மூன்றாம் படி: ஒரு பிக்சலுக்குள் எவ்வளவு இடம் அடங்குகிறது என்று கணக்கிடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு கணக்கை மட்டும் கற்றுக்கொள்வதென்றால் இதைக் கற்றுக்கொள்ளுங்கள். பிக்சல் இடைவெளியை மைக்ரானில் எடுத்து, லென்ஸின் குவியத் தூரத்தை மில்லிமீட்டரில் எடுத்து, முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் மில்லிரேடியனில் ஒரு விடை வரும். ஒரு மில்லிரேடியன் என்றால், ஒரு மீட்டர் தூரத்தில் ஒரு பிக்சல் ஒரு மில்லிமீட்டர் அகலத்தைப் பார்க்கிறது என்று பொருள். 100 மீட்டரில் அது 10 சென்டிமீட்டரைப் பார்க்கும்.

12 மைக்ரான் சென்சாருக்கு முன் 25 மில்லிமீட்டர் லென்ஸ் இருந்தால் 0.48 மில்லிரேடியன். அதே லென்ஸுக்குப் பின்னால் 17 மைக்ரான் சென்சார் இருந்தால் 0.68. லென்ஸ் மாறாமல் பிக்சல் சிறுத்தால் நுணுக்கம் கூடுகிறது என்ற விற்பனையாளரின் பேச்சு இந்த அளவில் உண்மை. ஆனால் லென்ஸ் மாறாமல் இருப்பதில்லை. 17 மைக்ரான் சென்சாரை 50 மில்லிமீட்டர் லென்ஸுடனும், 12 மைக்ரான் சென்சாரை 35 மில்லிமீட்டர் லென்ஸுடனும் இணைத்துப் பாருங்கள்: இரண்டுக்கும் 0.34 மில்லிரேடியன்தான். இரண்டிலும் 640 பிக்சல் அகலம் இருந்தால், பார்வைப் புலமும், அதாவது திரையில் அடங்கும் காட்சியின் கோணமும், இரண்டிலும் ஏறத்தாழ 12.5 டிகிரிதான். படத்தில் தெரியும் நுணுக்கத்தில் இரண்டுக்கும் கணக்களவில் வேறுபாடே இல்லை. சிறிய பிக்சலால் கிடைத்த லாபமெல்லாம் லென்ஸைச் சிறியதாக்கவே செலவாகிவிட்டது.

இது குறையல்ல என்பதையும் சொல்ல வேண்டும். இந்த அலைநீளத்தில் சாதாரணக் கண்ணாடி ஒளிபுகாத பொருள். கதவின் கண்ணாடி வழியே தெர்மல் கேமராவில் பார்த்தால் கண்ணாடியின் வெப்பநிலையும் உங்கள் பிரதிபலிப்பும்தான் தெரியும். அதனால் லென்ஸ்களை ஜெர்மானியத்திலோ கால்கோஜெனைடு கண்ணாடியிலோ செய்கிறார்கள். ஜெர்மானியம் விலை உயர்ந்தது, கனமானது. அதன் ஒளிவிலகல் எண் 4 என்பதால், மேற்பூச்சு இல்லாவிட்டால் ஒவ்வொரு பரப்பும் விழும் கதிரில் 36 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். லென்ஸை ஒரே வடிவத்தில் பெரிதாக்கினால் எடை விட்டத்தின் கனமடங்காக ஏறும் என்பதால், 50 மில்லிமீட்டர் லென்ஸ் 35 மில்லிமீட்டர் லென்ஸைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு கனக்கும். நாள் முழுவதும் கையில் பிடித்து வேலை செய்பவருக்கும், ட்ரோனில் ஏற்ற வேண்டியவருக்கும் இது பெரிய லாபம். அதை லாபமாகத் தெரிந்து வாங்க வேண்டும், தெளிவு கூடியதாக நினைத்து வாங்கக் கூடாது.

என் தவற்றை இங்கேதான் சொல்ல வேண்டும். தொடக்க காலத்தில், கைபேசியுடன் இணைக்கும் ஒரு சிறிய தெர்மல் கேமராவை வைத்துக்கொண்டு ஒரு மின்பலகையைச் சோதித்தேன். 160×120 பிக்சல், 12 மைக்ரான், 57 டிகிரி பார்வைப் புலம். பாதுகாப்பு கருதி ஒன்றரை மீட்டர் தள்ளி நின்றுதான் பார்த்தேன். வரிசையாக இருந்த திருகுகளில் ஒன்று மட்டும் லேசாக வெளுத்துத் தெரிந்தது. திரையில் 51 டிகிரி என்று காட்டியது. சூடுதான், ஆனால் அவசரமில்லை என்று குறித்துக்கொண்டேன். என்னுடன் வந்த மூத்தவர் தன் பழைய கருவியை எடுத்து, அதே இடத்தில் நின்று, அதே திருகைப் பார்த்தார். அது 320×240 பிக்சல், 17 மைக்ரான், ஆனால் 12.5 மில்லிமீட்டர் லென்ஸ். அதில் 88 டிகிரி. "உன் கேமரா திருகைப் பார்க்கவில்லை தம்பி, திருகையும் அதைச் சுற்றியுள்ள பலகையையும் கலந்து பார்க்கிறது" என்றார்.

கணக்குப் போட்டால் அவர் சொன்னது அப்படியே வரும். 57 டிகிரிப் புலத்தை 160 பிக்சல்களுக்குப் பங்கிட்டால், ஒரு மீட்டரில் ஒரு பிக்சல் சுமார் 7 மில்லிமீட்டர். ஒன்றரை மீட்டரில் 10 மில்லிமீட்டர். கருத்துப்போயிருந்த அந்தத் திருகுத்தலையின் விட்டமோ 6 மில்லிமீட்டர். பிக்சலின் பரப்பில் கால்பங்குக்குச் சற்று மேல்தான் திருகு நிரப்பியது. மீதி முழுவதும் 35 டிகிரியில் இருந்த பலகை. கருவி இரண்டையும் சராசரியாக்கி ஓர் எண்ணைக் கொடுத்தது. மூத்தவரின் கருவியில் ஒரு பிக்சல் 2 மில்லிமீட்டரைப் பார்த்ததால், திருகுத்தலையின் குறுக்கே மூன்று பிக்சல்கள் கிடைத்தன. சிறிய பிக்சல் கொண்ட புதிய கருவி தவறான வெப்பநிலையையும், பெரிய பிக்சல் கொண்ட பழைய கருவி சரியான வெப்பநிலையையும் காட்டியது என்றால், பிக்சல் எண்ணை மட்டும் பார்த்து என்ன தெரிந்துகொள்ள முடியும்?

வெப்பநிலையை எண்ணாக அளக்க வேண்டுமானால், அளக்கும் பொருளின் மேல் குறைந்தது 3×3 பிக்சல்களாவது முழுமையாக விழ வேண்டும் என்பதை விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள். லென்ஸின் மங்கல் காரணமாகப் பக்கத்துப் பிக்சல்களுக்குள் கொஞ்சம் கசிவு எப்போதும் இருக்கும். நடுவில் இருக்கும் பிக்சல்தான் நம்பத்தக்கது. பளபளக்கும் உலோகமாக இருந்தால் இதெல்லாம் சரியாக இருந்தும் எண் தவறாகவே வரும், ஏனென்றால் அதன் உமிழ்திறன், அதாவது தன் சூட்டைக் கதிராக வெளியிடும் திறன், மிகக் குறைவு. அங்கே ஒரு துண்டு கருப்பு இன்சுலேஷன் டேப்பை, மின்சாரத்தைத் துண்டித்த பிறகு ஒட்டி, மறுபடி மின்சாரம் கொடுத்து அளப்பது வழக்கம்.

அளவெடுக்காமல் கண்டுபிடிக்க மட்டும் வேண்டியவர்களுக்கு வேறு விதி. 1958இல் அமெரிக்க ராணுவ ஆய்வாளர் ஜான் ஜான்சன் வகுத்த அளவுகோலை இன்றுவரை இந்தத் துறையில் பயன்படுத்துகிறார்கள். ஒரு பொருளின் குறுகிய பக்கத்தின் குறுக்கே 2 பிக்சல்கள் விழுந்தால் அங்கே ஏதோ இருக்கிறது என்று தெரியும். ஏறத்தாழ 8 விழுந்தால் அது மனிதரா விலங்கா என்று தெரியும். ஏறத்தாழ 13 விழுந்தால் எப்படிப்பட்டவர், கையில் என்ன வைத்திருக்கிறார் என்ற அளவுக்குத் தெரியும். இவையும் 50 சதவீத வாய்ப்புக்கான எண்கள்தான், உறுதி அல்ல. அரை மீட்டர் அகலமுள்ள ஒரு மனிதரை 0.48 மில்லிரேடியன் கருவியில் பார்த்தால், முதல் நிலை சுமார் 520 மீட்டர், இரண்டாம் நிலை 130 மீட்டர், மூன்றாம் நிலை 80 மீட்டர். அதே கருவிக்கு, மனிதரின் அகலத்துக்குப் பதிலாக 1.8 மீட்டர் உயரத்தை எடுத்துக் கணக்கிட்டால் முதல் நிலை 1,875 மீட்டர் என்று வந்துவிடும். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் தூரத்தைப் பார்த்தால், எந்தப் பக்கத்தை வைத்து, எந்த நிலைக்கு, எத்தனை பிக்சல் என்று கேட்டு வாங்குங்கள். பதில் வராவிட்டால் அந்த எண்ணை மறந்துவிட்டு நீங்களே வகுத்துப் பாருங்கள்.

நான்காம் படி: லென்ஸின் முன்பக்க விட்டத்தைப் பாருங்கள்

நுணுக்கத்தின் கணக்கு முடிந்தது. அடுத்தது கதிரின் கணக்கு. சிறிய பிக்சலுக்கு நாம் கொடுக்கும் விலை இங்கேதான் இருக்கிறது.

குவியத் தூரத்தை லென்ஸின் பயன்படு விட்டத்தால் வகுத்தால் வருவது எஃப் எண். சாதாரணக் கேமராவில் எஃப் 2.8 என்றாலே நல்ல லென்ஸ் என்போம். தெர்மல் கேமராவில் எஃப் 1.0 என்பது இயல்பான எதிர்பார்ப்பு, எஃப் 1.4 என்றால் யோசிக்க வேண்டிய நிலை. ஒரு பிக்சலில் விழும் கதிரின் அளவு பிக்சலின் பரப்போடு நேராகவும், எஃப் எண்ணின் இருமடியோடு ஏறத்தாழ எதிராகவும் மாறுகிறது. எஃப் எண் ஒன்றாகவே இருந்தால், 12 மைக்ரான் பிக்சலில் 17 மைக்ரான் பிக்சலில் விழுவதைப் போலப் பாதிதான் விழும்.

இதை வேறு கோணத்தில் பார்த்தால் மனத்தில் எளிதாகப் பதியும். இரண்டு கருவிகளின் மில்லிரேடியன் சமமாக இருந்தால், இரண்டிலும் ஒரு பிக்சல் காட்சியின் ஒரே அளவுத் துண்டைத்தான் பார்க்கிறது. அந்தத் துண்டிலிருந்து புறப்படும் கதிரில் எவ்வளவு உள்ளே வருகிறது என்பதை முடிவு செய்வது லென்ஸின் முகம்தான். 50 மில்லிமீட்டர் அகல முகம் 35 மில்லிமீட்டர் முகத்தைப் போல இருமடங்கு கதிரை உள்ளே விடும். மழையில் வாயகன்ற அண்டா சீக்கிரம் நிறைவதும், சொம்பு மெதுவாக நிறைவதும் போலத்தான். ஆகவே கடையில் இரண்டு கருவிகள் அருகருகே இருந்தால் ஓர் அளவுகோலை எடுத்து முன்கண்ணாடியின் விட்டத்தை அளந்து பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முன்கண்ணாடியைச் சுற்றியுள்ள சட்டத்தைச் சேர்த்து அளந்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

இந்த இடத்தில், தொடக்கத்தில் மனத்தில் வைத்துக்கொள்ளச் சொன்ன செய்தி திரும்ப வருகிறது. அலை நீளமாக இருப்பதால், எவ்வளவு சிறந்த லென்ஸாலும் ஒரு புள்ளியைப் புள்ளியாகக் குவிக்க முடியாது. விளிம்பு விளைவால் அது ஒரு சிறு வட்டமாகப் பரவும். அந்த வட்டத்தின் விட்டம் 2.44ஐ அலைநீளத்தாலும் எஃப் எண்ணாலும் பெருக்கினால் வருவது. 10 மைக்ரான் அலைக்கு எஃப் 1.0 லென்ஸில் இது 24 மைக்ரான். அதன் குறுக்கே 17 மைக்ரான் பிக்சல்கள் ஏறத்தாழ ஒன்றரை, 12 மைக்ரான் பிக்சல்கள் இரண்டு, 8 மைக்ரான் பிக்சல்கள் மூன்று. பிக்சல் சிறுக்கச் சிறுக்க நுணுக்கம் கூடிக்கொண்டே போகாமல், ஒரே மங்கல் வட்டத்தை மேலும் மேலும் பங்கிடும் நிலை நெருங்குகிறது என்பது இதிலிருந்து தெரியும். 12 மைக்ரானில் இன்னும் நல்ல பயன் இருக்கிறது. ஆனால் லென்ஸ் எஃப் 1.0 அருகே இருக்க வேண்டும். அதே 12 மைக்ரானை எஃப் 1.4 லென்ஸுக்குப் பின்னால் வைத்தால் வட்டம் 34 மைக்ரானாக விரிந்து மூன்று பிக்சல்களை மூடிவிடும், கதிரும் பாதியாகிவிடும். சிறிய பிக்சல் வாங்குபவர் லென்ஸில் சிக்கனம் பார்த்தால் இரண்டையும் இழக்கிறார்.

ஐந்தாம் படி: மில்லிகெல்வின் எண்ணை அதன் நிபந்தனையோடு படியுங்கள்

விவரத்தாளில் என்.இ.டி.டி. என்று ஒரு வரி இருக்கும். 50, 40, 25 என்று மில்லிகெல்வினில் சொல்லியிருப்பார்கள். கருவியின் சொந்த இரைச்சலுக்குச் சமமான வெப்பநிலை வேறுபாடு அது. 40 மில்லிகெல்வின் என்றால், ஒரு டிகிரியில் நூற்றில் நான்கு பங்குக்குக் குறைவான வேறுபாடுகள் இரைச்சலில் கரைந்துவிடும் என்று பொருள். எண் சிறியதாக இருந்தால் நல்லது.

பிக்சலின் பரப்பு பாதியானால் இந்த எண் இருமடங்காகி இருக்க வேண்டும் அல்லவா? ஆகவில்லை என்பதுதான் இந்தத் துறைப் பொறியாளர்களின் சாதனை. சவ்வு சிறுத்தபோது அதன் வெப்ப ஏற்புத்திறனும் குறைந்தது. அதைப் பயன்படுத்தி, கால்களை இன்னும் மெல்லியதாக்கி, சூடு கசிவதைக் குறைத்தார்கள். ஏற்புத்திறனைக் கசிவால் வகுத்தால் வருவது சவ்வு சூடாகி ஆறும் நேரம். இரண்டும் சேர்ந்தே குறைந்ததால் அந்த நேரம், பொதுவாக 10 மில்லிநொடி அளவில், கூடாமல் நின்றது. கசிவை மட்டும் குறைத்திருந்தால் உணர்திறன் கூடியிருக்கும், ஆனால் நகரும் பொருள்கள் வால் விட்டதுபோல இழுபட்டுத் தெரிந்திருக்கும். இன்று நல்ல 12 மைக்ரான் சென்சார் ஒன்று பழைய 17 மைக்ரான் சென்சாருக்கு உணர்திறனில் ஈடுகொடுப்பது இப்படித்தான். ஆகவே "சிறிய பிக்சல் என்றால் இரைச்சல்" என்று பழைய நினைப்பில் ஒதுக்கிவிடாதீர்கள்.

ஆனால் அந்த எண்ணை எப்படி அளந்தார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் எஃப் 1.0 லென்ஸில், 25 அல்லது 30 டிகிரி வெப்பநிலையுள்ள ஒரு சீரான பரப்பைக் காட்டி அளந்ததாக இருக்கும். அது சென்சாரின் எண். உங்கள் கருவியின் லென்ஸ் எஃப் 1.3 என்றால், அதே சென்சாரின் 40 மில்லிகெல்வின் உங்கள் கையில் 60ஐத் தாண்டும். அடுத்தடுத்த படச் சட்டங்களை (ஃபிரேம்களை) சராசரியாக்கி எண்ணைக் குறைத்துக் காட்டுவதும் உண்டு. அது அசையாத காட்சிக்கு உண்மையான பயன், அசையும் காட்சிக்கு மங்கல். குளிர்ந்த பொருள்கள் குறைவாகவே கதிர்வீசுவதால் அவற்றைப் பார்க்கும்போது எந்தக் கருவியின் எண்ணும் மோசமாகும்.

தெளிந்த இரவில், வானத்தின் குளிருக்கு எதிரே மரமும் மண்ணும் மனிதரும் வெவ்வேறு வெப்பநிலையில் இருக்கும்போது, எந்தக் கருவியும் அழகான படம் காட்டும். கடையில் காட்டப்படும் படங்கள் பெரும்பாலும் இப்படி எடுத்தவையே. மணிக்கணக்காக மழை பெய்து ஓய்ந்த பிறகு பாருங்கள்: எல்லாப் பொருள்களும் நனைந்து ஒரே வெப்பநிலைக்கு வந்திருக்கும், காற்றின் ஈரம் கதிரை வழியிலேயே விழுங்கும். அப்போது எத்தனை மில்லிரேடியன் என்பது பின்னுக்குப் போய், எத்தனை மில்லிகெல்வின் என்பது முன்னுக்கு வந்துவிடும். தூறலில் நின்று இரண்டு கருவிகளை மாற்றி மாற்றிப் பார்த்தபோது, அகன்ற முகம் கொண்ட பழைய 17 மைக்ரான் கருவியில் வேலியின் கம்பங்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்ததும், ஒடுங்கிய முகம் கொண்ட 12 மைக்ரான் கருவியில் அந்த இடம் முழுவதும் சாம்பல் நிறப் பொரிப்பொரியாக இருந்ததும் எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. ஈரமான காலநிலையில் வேலை செய்பவர்கள் பிக்சல் எண்ணிக்கைக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதியை லென்ஸுக்கு மாற்றிக் கொடுப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

ஆறாம் படி: பார்வைப் புலம் சுருங்குவதைக் கவனியுங்கள்

லென்ஸ் மாறாமல், பிக்சல் எண்ணிக்கையும் மாறாமல், பிக்சல் மட்டும் சிறுத்தால் சென்சாரின் மொத்த அகலமும் சிறுத்துவிடும். 384 பிக்சல்கள் 17 மைக்ரானில் 6.5 மில்லிமீட்டர், 12 மைக்ரானில் 4.6 மில்லிமீட்டர். 25 மில்லிமீட்டர் லென்ஸில் முதலாவது ஏறத்தாழ 15 டிகிரியைக் காட்டும், இரண்டாவது பத்தரை டிகிரியைத்தான் காட்டும். தூரத்தில் ஒன்றை உற்றுப் பார்க்க இது நல்லது. அறைக்குள் ஒரு சுவரை முழுவதுமாகப் பார்க்கவும், நகரும் ஒன்றைப் பின்தொடரவும் இது இடைஞ்சல். டிஜிட்டல் ஜூம் இதற்கு எந்தப் பக்கமும் உதவாது. அது இருக்கும் பிக்சல்களைப் பெரிதாக்கிக் காட்டுமே தவிரப் புதிய பிக்சல்களைத் தராது.

ஏழாம் படி: கையால் சோதித்துப் பாருங்கள்

வாங்குவதற்கு முன் இரண்டு சோதனைகளைச் செய்து பார்க்க அனுமதி கேளுங்கள். இரண்டுக்கும் சேர்த்து அரைமணி நேரம் போதும்.

முதல் சோதனைக்குத் தடித்த அட்டை ஒன்று வேண்டும். அதில் 10 மில்லிமீட்டர் அகலத்தில் மூன்று செங்குத்துப் பிளவுகளை, நடுவில் 10 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, கூர்மையான கத்தியால் வெட்டுங்கள். வெந்நீர் ஊற்றிய பாத்திரத்தின் வெளிப்புறத்தில் காகிதத்தைச் சுற்றி ஒட்டிவிட்டு, அதற்கு ஒரு சாண் முன்னால் அட்டையை நிறுத்துங்கள். காகிதம் எதற்கு என்றால், வெறும் உலோகப் பாத்திரம் தன் சூட்டைக் காட்டாமல் சுற்றுப்புறத்தைப் பிரதிபலித்துக் குழப்பும். கருவியின் குவியத்தைச் சரிசெய்துகொண்டு, பிளவுகள் மூன்றும் தனித்தனியாகத் தெரியும் இடத்தில் தொடங்கிப் பின்னால் நடந்து செல்லுங்கள். ஒவ்வொரு மீட்டருக்கும் நின்று, குவியத்தை மறுபடி சரிசெய்து, கருவியை இடமும் வலமும் மயிரிழை அசைத்துப் பாருங்கள். பிளவு இரண்டு பிக்சல்களுக்கு நடுவில் விழுந்தால் தெரியாமல் போகும், சற்று அசைத்தால் தெரியும். மூன்று கோடுகளும் கலந்து ஒரே வெளுத்த பட்டையாகும் தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 0.48 மில்லிரேடியன் கருவிக்குக் கணக்குப்படியான எல்லை 20 மீட்டருக்குச் சற்று மேலே. அதற்குக் கொஞ்சம் முன்னதாகக் கலந்தால் இயல்பு. பாதித் தூரத்திலேயே கலந்துவிட்டால், பிக்சல் கொடுக்கக்கூடிய நுணுக்கத்தை லென்ஸ் கொடுக்கவில்லை என்று பொருள். அட்டை நேரமாக ஆகச் சூடேறிவிடும் என்பதால் அவ்வப்போது வேறு அட்டையை மாற்றிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது சோதனைக்கு மர மேசை போதும். உள்ளங்கையை மேசையின் மேல் ஐந்து நொடி அழுத்தி வைத்துவிட்டு எடுங்கள். திரையில் ஐந்து விரல்களோடு கையின் அச்சு ஒளிர்ந்து தெரியும். பிறகு விரல் நுனிகளும் இடுக்குகளும் முதலில் மங்கி, கடைசியில் உள்ளங்கையின் மேடு மட்டும் ஒரு தேய்ந்த நிலவுபோலச் சிறிது நேரம் நிற்கும். அது முழுதாக மறைய எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணுங்கள். ஒரே மேசையில், ஒரே கையால், இரண்டு கருவிகளையும் அருகருகே வைத்துச் செய்தால், எந்தக் கருவியில் அச்சு நீண்ட நேரம் நிற்கிறதோ அதன் உணர்திறன் மேலானது. நடுவில் கருவி 'டக்' என்று ஒலித்துப் படம் ஒரு கணம் உறைந்தால் பயப்பட வேண்டாம்; உள்ளே இருக்கும் மூடி ஒன்று சென்சாரை மறைத்து, பிக்சல்களுக்கு இடையிலான ஏற்றத்தாழ்வைச் சமன்செய்கிறது. கருவியை இயக்கிய உடனேயே சோதிக்காமல், பத்து நிமிடமாவது ஓடவிட்டு அதன் உள்வெப்பம் நிலைத்த பிறகு தொடங்குங்கள்.

கருவி உங்கள் கைக்கு வந்த அன்றே செய்ய வேண்டிய இன்னொரு வேலை இருக்கிறது. மூன்றாம் படியில் கிடைத்த மில்லிரேடியன் எண்ணை மூன்றால் பெருக்கி, அரை மீட்டர், ஒரு மீட்டர், மூன்று மீட்டர், பத்து மீட்டர் ஆகிய தூரங்களில் நம்பி அளக்கக்கூடிய மிகச் சிறிய பொருளின் அகலத்தைக் கணக்கிட்டு, ஒரு சிறிய ஒட்டுத்தாளில் எழுதி, கருவியின் பக்கவாட்டில் ஒட்டிவிடுங்கள். என் பழைய கைபேசிக் கேமராவில் அந்தத் தாள் இன்னும் இருக்கிறது: அரை மீட்டரில் 10 மில்லிமீட்டர், ஒரு மீட்டரில் 20, மூன்று மீட்டரில் 60. பத்து மீட்டருக்கு எதிரே எண்ணுக்குப் பதிலாக "அளக்காதே" என்று எழுதியிருக்கிறேன்.